அறுபத்தெட்டுக் கால் மிதித்த கூரை

அன்பு மகன் ஜிக்மெத்துக்கு,

ஜூலே, வணக்கம் மகனே. தக்மார் கிராமத்திலிருந்து உன் அம்மா யாங்டோல் எழுதுவது. இங்கே நானும் பசுவும் கன்றும் கழுதையும் பதினேழு ஆடுகளும் சுகம். கூரையும் சுகம். உன் கடிதத்தில் என்னை விசாரிப்பதற்கு முன்னாலேயே கூரையை விசாரித்திருக்கிறாய், அதனால் அதன் சுகத்தையும் சேர்த்தே எழுதிவிட்டேன், விட்டுப்போனது என்று பின்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜம்முவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த ஊர் வெயிலில் உருகாமல் மிச்சம் ஏதாவது இருக்கிறாயா. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே குளிர்காலம், அதிலும் ஒன்றில் வாத்தியார் வரவில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் வரவில்லை. நாளைக் காலையில் மெஹ்தியின் லாரி கார்கிலுக்குக் கிளம்புகிறது, இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி லாரி, அதற்கப்புறம் கணவாய் மூடினால் ஜூன் மாதம்தான். நீ எனக்காக அவனிடம் முன்பக்கம் இடம் சொல்லி வைத்திருந்தாய், ஜன்னல் ஓரமாகக் கேட்டிருந்தாயாம், அதைக் கேட்டு மனசு குளிர்ந்தது, இருந்தாலும் வரவில்லை. அந்த இடம் காலியாக வராது. அதில் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று கடைசியில் எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். நீ உன் கடிதத்தில், அம்மா இந்தக் குளிர்காலம் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இரு, ஆடுமாடு சித்தப்பா கொட்டிலில் இருக்கட்டும், கூரை பனியைத் தாங்காது என்று சித்தப்பா எழுதியிருக்கிறார், அப்பா போன மாதிரி நீயும் போனால் நான் என்ன செய்வேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன், அதற்கு மட்டும் எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று கேள். உன் அப்பாவைக் கூரை தள்ளிவிடவில்லை. அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்க மூலையில் பனி தள்ளப் போனார், வழுக்கினார், போய்விட்டார். அந்த பூட்ஸை மாற்று மாற்று என்று ஒரு வருடம் சொன்னேன், இதிலேயே இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டிவிடலாம் என்றார். பூட்ஸ் செய்த குற்றத்துக்குக் கூரையைத் தண்டிக்க நான் ஆளில்லை.

வீட்டைப் பூட்டுவது என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். பூட்டு போட ஒரு நிமிஷம். நம்ம ஊரில் குளிர்காலம் முழுக்க அடுப்புப் புகை எழும்பாத வீட்டுக்கு அடுத்த வசந்தத்தில் தண்ணீர் முறை கிடையாது என்பதை மறந்துவிட்டாயா. அது பக்கத்திலிருக்கும் பங்காளி வீட்டோடு சேர்ந்துவிடும். நமக்குப் பங்காளி யார், உன் சித்தப்பா ரப்கியாஸ். நான் ஜம்முவில் உன் அறையில் உட்கார்ந்து விசிறிக்காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் நம்ம பார்லி வயல் காய்ந்து கிடக்கும், அவர் வயலுக்கு இரண்டு முறை தண்ணீர் பாயும். அவர் தண்ணீருக்கு ஆசைப்பட்டுத்தான் உனக்கு எழுதினார் என்று சொல்ல மாட்டேன். ஆசைப்படவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அண்ணன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர், அந்த பயமும் இருக்கிறது, பயத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் ஓடுகிறது, மனுஷன் மனசு அப்படித்தான்.

நீ எனக்கு எழுதியதில் தப்பில்லை. அம்மா வருகிறாள் என்று அவருக்கும் அதே தபாலில் எழுதினாயே, அதுதான் தப்பு. அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மாட்டுக்குப் புல் வெட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், வாசலில் எதிர்வீட்டுக் குன்சோம் வழியனுப்புகிற வெள்ளைத் துண்டோடு நிற்கிறாள், என் கழுத்தில் போட்டு, போய்ட்டு வா அக்கா, ஜம்முல எலுமிச்சம்பழம் மலிவாம், திரும்பி வரும்போது எனக்கு ஊறுகாய் கொண்டா என்கிறாள். நான் எங்கேயும் போகலடி என்றேன். எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, அப்புறம் அழுதுகிட்டே லாரில ஏறுவாங்க என்று என்னைக் கட்டிக்கொண்டு அவளே அழுதாள். அன்றைக்கு மூன்று பேர் வந்து மூன்று துண்டு போட்டார்கள். மறுக்கவா முடியும், வாங்கி வீட்டு நடுத்தூணில் கட்டிவிட்டேன். இப்போது பார்க்கிறவர்களுக்குத் தூண்தான் ஊருக்குப் போகிறது என்று தோன்றும்.

இதில் நஷ்டம் என்னவென்றால் கூரைக்கு மண் போடும் நாளில் ஒருவரும் வரவில்லை. அறுவடை முடிந்ததும் ஒரே சாமி கும்பிடுகிற நம்ம ஐந்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு நாள் என்று வீடு வீடாகப் போய்க் கூரை மிதித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும், நீயும் மிதித்தவன்தான், மிதித்ததைவிட சாப்பிட்டது அதிகம். நம்ம முறை வந்த அன்றைக்கு நான் விடியலிலேயே பத்துப் பேருக்கு வெண்ணெய்த் தேநீர் கடைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்கு மண்ணு என்று உன் சித்தப்பா சொல்லி எல்லாரையும் அவர் வைக்கோல் சுமக்க அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். எனக்கு வந்ததே கோபம். பத்துப் பேர் தேநீரையும் நான் ஒருத்தியே குடித்தேன். குடித்ததற்கு அப்புறம் அன்றைக்கு நான் எத்தனை தடவை எங்கே போனேன் என்பதைக் கடிதத்தில் எழுதக் கூடாது.

மறுநாள் கழுதையை ஓட்டிக்கொண்டு சிவப்புப் பாறைக்குப் போய் நானே பசைமண் தோண்டினேன். பதினொரு நடை. கழுதை ஏழாவது நடையில் நடுவழியில் படுத்துக்கொண்டது, நானும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தோம். மண்ணை மேலே ஏற்றிப் பார்லி உமி கலந்து பரப்பியாகிவிட்டது. ஆனால் காலம் தப்பிவிட்டது அல்லவா, இரவில் வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைகிறது. இந்த நேரத்தில் மண்ணைக் குழைத்துப் பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் உறைந்து, காலையில் பார்த்தால் என் குதிகால் மாதிரி வெடித்துக் கிடக்கும். லேசாகத் தெளித்த ஈரத்தோடு அன்றைக்கே கல் மாதிரி இறுக மிதித்துவிட வேண்டும். ஒரு பகலுக்குள் அவ்வளவு கூரையையும் மிதிக்கப் பத்துப் பேர் கால் வேண்டும், எனக்கு இருப்பது இரண்டு, அதிலும் ஒன்று மழைக்காலத்தில் இருந்து முட்டி வலி. கூரை மேலே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன், கீழே கொட்டிலில் ஆடுகள் கத்துகின்றன. பதினேழு ஆடு. நீதானே கணக்குப் படித்தவன், சொல் பார்க்கலாம், எத்தனை கால். நான் விரல் விட்டு எண்ணி மூன்று தடவை தப்பாகி நாலாவது தடவை அறுபத்தெட்டு என்று கண்டுபிடித்தேன்.

வீட்டுக்குப் பின்பக்கம் மேட்டுப் பாதையில் இருந்து கூரைக்கு ஒரு எட்டுதானே, ஒரு பலகை போட்டேன், மடியில் தவிடு கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன், அத்தனையும் என் பின்னால் வரிசையாக ஏறி வந்தது. நம்ம கிடாவை உனக்கு ஞாபகம் இருக்கும், வேலை செய்யாமல் முதல் ஆளாகச் சாப்பிட வருகிறது என்று நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேனே, அவன்தான் முன்னணி. நான் கூரையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், பின்னால் அறுபத்தெட்டுக் கால் டொக்கு டொக்கு என்று குத்துகிறது. மகனே, அந்தக் குளம்பு இருக்கிறதே, மனுஷன் பாதம் அழுத்துவதைப் போல மூன்று மடங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. இதை யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தால் இத்தனை வருடம் பத்துப் பேருக்குத் தேநீர் வைத்திருக்க மாட்டேன். பாதிக் கூரை முடிந்தது. நான் செய்த ஒரே தப்பு விளிம்பில் அடுக்கியிருந்த புல்லையும் சுள்ளியையும் முதல் நாளே எடுத்துக் கீழே போட்டதுதான், அந்த வேலி இல்லாததால் மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கூரை தெரிந்துவிட்டது. உன் சித்தி தெச்சென் அங்கே முள்ளங்கிக் கீரையைப் பரப்பிக் காய வைத்திருந்தாள், குளிர்காலம் முழுக்க வேண்டிய கீரை. ஒரே தாவல். இவன் தாவியதும் இன்னும் ஆறு தாவியது.

தெச்சென் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். ஏய், என் கீரையைத் தின்னுடுச்சு, உங்க கிடா என் கூரையில நிக்குது, இது வீடா பட்டியா என்கிறாள். நான் இந்தப்பக்கம் இருந்து, மருமகன் மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கான், சத்தம் போடாம நல்லா கவனிச்சு அனுப்பு தெச்சென் என்றேன். ஊரே வெளியே வந்துவிட்டது. குன்சோம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அக்கா, நீ ஜம்மு போற லாரில ஆடுங்களும் வருதா, மேல ஏத்திப் பழக்குறியா என்று கேட்கிறாள். சிரிக்காதேடி, வந்து பிடி என்றேன். பிடிக்க வந்தார்கள். ஆடு சும்மா மாட்டுமா, இந்தக் கூரைக்கும் அந்தக் கூரைக்கும் ஓடுகிறது, அவர்களும் பின்னால் ஓடுகிறார்கள், ஓடுகிறவர்கள் எல்லாம் நம்ம மண்ணைத்தான் மிதித்துக்கொண்டு ஓடுகிறார்கள், நான் தடுக்கவில்லை, அந்தப்பக்கம் போச்சு, இந்தப்பக்கம் போச்சு என்று மிதிபடாத இடமாகப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். குன்சோம்தான் முதலில் கண்டுபிடித்தாள். நின்று கீழே குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடிப்பாவி என்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதிப்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் என்ன செய்வார்கள், கால் தானாக வந்தது.

அப்போதுதான் உன் சித்தப்பா வந்தார். முகம் அடுப்புக் கரியாக இருந்தது. எல்லார் முன்னாலும், என்ன அண்ணி இது, அண்ணன் வீட்டைக் கொட்டிலாக்கிட்டீங்க, பையன் அங்க இடம் பிடிச்சு வெச்சிருக்கான், நீங்க இங்க ஆட்டோட கூத்தடிக்கிறீங்க, பனி இந்த வருஷம் நெஞ்சு உயரம் விழும், இந்தக் கூரை விழும், அப்ப யார் வந்து தோண்டுறது என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு கேள்விக்கும் காலைத் தரையில் தட்டுகிறார். அவர் கனம் உனக்குத் தெரியும். அவர் தட்டின இடத்தைப் பார்த்தேன், பத்து ஆடு மிதித்த மாதிரி அப்படி அமுங்கியிருக்கிறது. எனக்குப் புத்தி வந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் போனேன், அவர் தட்டிக்கொண்டே ஒரு அடி முன்னால் வந்தார். கொட்டில்தான் தம்பி குளிர்காலத்துல சூடு என்றேன், தட்டினார். நீ என் வீட்டுக்கு வர்ற ஆளையெல்லாம் உன் வைக்கோலுக்குக் கூட்டிட்டுப் போனா நான் ஆட்டைத்தானே கூப்பிடணும் என்றேன், இரண்டு தடவை தட்டினார். இப்படியே பேசிப் பேசிக் கூரையின் குறுக்கே கூட்டிக்கொண்டு போனேன், சுற்றி நிற்கிறவர்களுக்குப் புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், அவருக்கு மட்டும் புரியவில்லை. எங்கே கூட்டிக்கொண்டு போனேன் என்று கேள். ஆற்றுப்பக்க மூலைக்கு. உன் அப்பா விழுந்த மூலை. இப்போது நான் பரப்பும் வரைக்கும் இரண்டு வருடமாக அங்கே யாரும் மண் போடவும் இல்லை, மிதிக்கவும் இல்லை, ஆடுகள்கூட நான் ஓட்டினால்தான் போனது, அதனால்தான் அது மட்டும் ஒழுகியது, கீழே உன் படுக்கை.

அங்கே வந்ததும் காலைத் தூக்கினார், எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார், தூக்கின காலை அப்படியே மெதுவாக வைத்தார். முகத்தில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அண்ணி, இங்க வேண்டாம், இந்த இடம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. இந்த இடம்தான் தம்பி ஒழுகுது, உங்க அண்ணன் அன்னைக்கு இங்க செய்ய வந்த வேலை பாதியில நிக்குது, நீயும் நானும் முடிக்கலன்னா யாரு முடிப்பா, மிதி என்றேன். அவர் மிதிக்கவில்லை. நான் போய் விளிம்பு ஓரமாக நின்றுகொண்டு மிதித்தேன். நான் விளிம்பில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, என் இடத்தில் அவர் நின்று மிதித்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போகும் வரைக்கும் அந்த ஒரு மூலையையே மிதித்துக்கொண்டிருந்தார், போதும் தம்பி, கீழே போய்விடப்போகிறாய் என்று நான்தான் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் புது யாக் மயிர்க் கயிறு ஒன்று சுருட்டிக் கிடக்கிறது, என் இடுப்புக்கு அளவாக ஒரு முனையில் வளையம் போட்டிருக்கிறது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதே இல்லை, அந்த மாதிரி முடிச்சு இந்த ஊரில் ஒருவருக்குத்தான் போடத் தெரியும். நான் கூரையில் பனி தள்ளும்போது வளையம் என் இடுப்பில் இருக்கும், மறுமுனை பக்கத்துக் கூரையில் அவர் இடுப்பில் இருக்கும். அவர் தள்ளும்போது மாற்றிக் கட்டிக்கொள்வோம். நான் விழுந்தால் அவர் நிற்பார், அவர் விழுந்தால் நானும் கூடவே போய்விடுவேன் போலிருக்கிறது, அவ்வளவு கனம், அதனால் நீ கொஞ்சம் குறைவாகச் சாப்பிடு தம்பி என்று சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் ஒன்று, தண்ணீர் முறை நம்முடையது நம்மிடம்தான். அதையும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சரி அண்ணி, புகை வருதான்னு தினமும் பார்ப்பேன் என்றார். பார்க்கட்டும், பச்சைச் சுள்ளியாகப் போட்டு அவர் ஜன்னலுக்கே புகையை அனுப்புகிறேன். தெச்சென் மட்டும் கீரைக்காக இன்னும் பேசவில்லை, நம்ம கீரையில் பாதியைக் கொடுத்தனுப்பினேன், வாங்கி வைத்துக்கொண்டாள், பேசவில்லை, மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் கல்லை எடுக்கிறாள்.

மற்ற வேலையெல்லாம் முடிந்தது. மேல்மாடியை விட்டுக் கீழே கொட்டிலை ஒட்டிய குளிர்கால அடுப்படிக்கு வந்துவிட்டேன், சுவருக்கு அந்தப்பக்கம் பசு மூச்சு விடுவது கேட்கிறது, இந்தப்பக்கம் நான். சாண வரட்டி கூரை விளிம்பில் இரண்டு வரிசை, அதன் மேலே புல்லுக்கட்டு, மாப்பிள்ளைக்கு இனி பக்கத்து வீடு தெரியாது. உருளைக்கிழங்கும் டர்னிப்பும் குழியில் இறக்கி மண் போட்டு மூடியாகிவிட்டது, போன வருடம் மாதிரி மேலாக வைத்துக் கல்லாக உறைய விடவில்லை, இடுப்பு ஆழத்துக்கு இறக்கியிருக்கிறேன். நீ அனுப்பின பிளாஸ்டிக் தாளை ஜன்னலுக்கு உள்பக்கம் அடித்தேன், காற்று வராது, ஆனால் ராத்திரியெல்லாம் படபடவென்று யாரோ கடிதம் படிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. அடுப்புக் குழாயைத் தட்டிப் பார்த்தேன், ஒரு கூடைக் கரி விழுந்தது, அதோடு ஒரு குருவிக்கூடும் விழுந்தது. உன் அப்பா பூட்ஸை எரித்துவிட்டேன். ரொம்ப நாறியது. எனக்குப் புது பூட்ஸ் மெஹ்தி கார்கிலில் இருந்து வாங்கி வந்தான், அடியில் பல் பல்லாக இருக்கிறது, போட்டுக்கொண்டு நடந்தால் கரடி வந்த மாதிரி தடம். இந்த வருடம் ஆடு எதையும் அறுக்கப் போவதில்லை, கூரை மிதித்துக் கொடுத்த கூலியாட்களை எப்படி அறுப்பது, குளிர்காலம் முழுக்கப் பாலாடைக்கட்டிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் விடியலில் முதல் பனி, ஒரு சாண் விழுந்தது. ஊரில் எல்லாரும் உடனே பனி தள்ளும் துடுப்பை எடுத்துக்கொண்டு கூரை ஏறினார்கள், உன் சித்தப்பா கயிறோடு வந்து நின்றார். நான் ஏறவில்லை. ஏன் அண்ணி, முட்டி வலியா என்றார். இல்லை, கிடக்கட்டும், மதிய வெயில்ல உருகட்டும், ஒழுகுதா இல்லையான்னு இன்னைக்கே தெரிஞ்சுக்குவோம், லாரிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு, ஒழுகினா நான் ஏறிப் போறேன் என்றேன். பைத்தியமா அண்ணி என்றார். சொன்னது சொன்னதுதான், அந்த நேரம் மனசு திக்திக்கென்று அடித்தது, அதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உன் படுக்கை மேலே, ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே, சின்ன வயதில் நீ கடித்துப் பல் தடம் வைத்திருக்கிறாயே அந்த மரக்கிண்ணத்தை வைத்தேன். ஆவணியில் மழை பெய்தபோது அதே கிண்ணம் மத்தியானத்துக்குள் மூன்று தடவை நிறைந்தது. வெயில் ஏறியது, விளிம்பிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வெளியே கொட்டுகிறது, சத்தம் கேட்கிறது, நானும் உன் சித்தப்பாவும் உன் படுக்கைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துக் குன்சோம் வந்தாள், யாருக்கு உடம்பு சரியில்ல என்று கேட்டாள். மாலையில் வெயில் போய் மறுபடி எல்லாம் உறைய ஆரம்பித்ததும் உன் சித்தப்பா கிண்ணத்துக்குள் விரலை விட்டுச் சுற்றித் துடைத்துப் பார்த்தார். விரலில் தூசிதான் ஒட்டியது. காலைத் தட்டாமல் எழுந்து போய் இரண்டு கோப்பை பார்லிக் கள் கொண்டு வந்தார். மறுநாள் கயிறு கட்டிக்கொண்டு பனியைத் தள்ளினேன், இது உனக்கு வாக்கு, கயிறு இல்லாமல் நான் கூரை ஏற மாட்டேன், அதற்கு மேல் எந்த வாக்கும் கேட்காதே.

உனக்குச் சில வார்த்தை. சோறு மட்டும் தின்றால் உடம்பு ஊதும், நான் அனுப்புகிற மாவைக் காலையில் தேநீரில் பிசைந்து சாப்பிடு. உன் கடிதத்தில் பக்கத்து வீட்டு வாத்தியார் பெண் மூன்று இடத்தில் வருகிறாள், சித்தப்பா இரண்டு இடத்தில்தான் வருகிறார், நான் அதிகம் படிக்காதவள்தான், எண்ணத் தெரியும். அவளுக்குக் கூரை மிதிக்க வருமா என்று கேட்டு எழுது. சித்தப்பாவுக்கு இனிமேல் எழுதினால் எனக்குத் தெரியாமல் எழுதாதே, எழுதினாலும் என்னைப் பற்றி எழுதாதே, அவர் உடம்பைப் பற்றி விசாரித்து எழுது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் உன் கடிதத்தைச் சட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் ஆறு உறைந்ததும் பனிமேல் நடந்து வா, பள்ளிக்கூடத்துக்கு அப்படி நடந்து போனவன்தானே, இப்போது ஜம்முவில் உட்கார்ந்து கால் மெத்தென்று ஆகியிருந்தால் நம்ம மாப்பிள்ளையை எதிரே அனுப்புகிறேன், பிடித்துக்கொண்டு வா. புது வருடத்துக்கு நம்ம கூரையில் நீ ஆடலாம், தாங்கும்.

நம்ம வீட்டுச் சாமியும் உன் அப்பாவும் நீ போகிற வழியெல்லாம் உனக்கு முன்னால் நடக்கட்டும், நோய் நொடி அண்டாமல் உன் வயிறும் மனசும் நிறைந்திருக்கட்டும். மெஹ்தி ஜம்முவுக்கு வரும் ஆள் கையில் ஒப்படைக்கிறேன் என்றிருக்கிறான், நீ பிடித்த அந்த ஜன்னல் ஓர இடத்தில் உன் மரக்கிண்ணம்தான் உட்கார்ந்து வருகிறது. வறுத்த பார்லி மாவு நிரப்பி, குன்சோம் எனக்குப் போட்ட வெள்ளைத் துண்டால் கட்டியிருக்கிறேன். மாவைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தை நீயே வைத்துக்கொள், திருப்பி அனுப்ப வேண்டாம். ஒழுகினால் கீழே வைப்பதற்கு இந்த வீட்டில் இனி கிண்ணம் கிடையாது.

இப்படிக்கு,
அடுப்பு எரிகிற வீட்டிலிருந்து
உன் அம்மா யாங்டோல்